இரண்டு சித்தூர், இரண்டு செம்பு

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இரண்டு சித்தூர்கள் இருக்கின்றன. ஒன்று வேலூருக்கு வடக்கே, ஆந்திரத்தில். இன்னொன்று பொள்ளாச்சிக்கு மேற்கே, கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில். இரண்டிலும் தமிழ் பேசுகிறவர்கள் தலைமுறை தலைமுறையாக இருக்கிறார்கள். ஆந்திரச் சித்தூரில் பாத்திரக் கடையில் ‘செம்பு’ கேட்டால் ஒரு கையில் ஏந்தித் தண்ணீர் குடிக்கிற பாத்திரத்தை எடுத்து வைப்பார்கள். பாலக்காட்டுச் சித்தூரில் அதே சொல்லைச் சொன்னால் இரண்டு ஆள் சேர்ந்து தூக்குகிற பிரியாணிப் பாத்திரம் வந்து இறங்கும்.

சொல் ஒன்றுதான், ஒலியும் ஒன்றுதான். பொருள் மட்டும் ஒரு பக்கம் கைக்குள் அடங்குகிறது, மறுபக்கம் அடுப்பை மறைக்கிறது. போதாக்குறைக்கு, செம்பு என்பது உலோகத்தின் பெயரும்கூட. 2025-ல் சபரிமலை தங்கத் தகடு விவகாரம் வெடித்தபோது தமிழ்ச் செய்திகளில் ‘செம்புத் தகடு’, ‘செப்புத் தகடு’, ‘தாமிரத் தகடு’ என்று மூன்று விதமாக எழுதினார்கள். மூன்றும் ஒன்றா வேறா என்று பலர் குழம்பினார்கள். அதற்கு முந்தைய ஆண்டு கர்நாடகத்தில் தேர்தல் விளம்பரம் முழுக்கச் சொம்புப் படம். ஒரு பாத்திரத்தை ஏன் விளம்பரத்தில் போடுகிறார்கள் என்று இங்கே யாருக்கும் விளங்கவில்லை.

இந்தக் குழப்பங்களுக்கெல்லாம் வேர் ஒன்றுதான். உலோகத்தின் பெயரைப் பாத்திரத்துக்கு வைத்துவிட்டு, அப்புறம் உலோகத்தை மாற்றிக்கொண்டே போனோம். ஒவ்வொரு மொழியும் வெவ்வேறு இடத்தில் நின்றுவிட்டது.

நிறத்திலிருந்து பாத்திரம் வரை

1. முதலில் நிறம். ‘செம்’, ‘செவ்’ என்பது சிவப்பைக் குறிக்கும் வேர். செம்மண், செம்பருத்தி, செவ்வானம், செங்கல், செந்நெல் எல்லாம் இந்த வீட்டுப் பிள்ளைகள்.

2. அடுத்து உலோகம். சிவந்த உலோகம் செம்பு ஆயிற்று, வெண்மையான உலோகம் வெள்ளி ஆனதுபோல. வடமொழியிலிருந்து வந்த ‘தாமிரம்’ என்ற சொல்லும் சிவந்த நிறத்தைக் காட்டுவதுதான். ஆக, செம்பு, தாமிரம் இரண்டும் ஒரே உலோகம். பழந்தமிழில் செம்பு என்றாலே உலோகம்தான். நற்றிணையின் 153-ஆம் பாட்டில் மின்னலுக்கு ஓர் உவமை வருகிறது: கம்மியர் ‘செம்பு சொரி பானை’ போல் மின்னியதாம். உருக்கிய செம்பை ஊற்றும்போது எழுகிற ஒளியைப் பட்டறையில் நின்று பார்த்தவர் சொன்ன உவமை அது. கவனியுங்கள், இங்கே செம்பு உள்ளே இருக்கிறது, பானை வெளியே இருக்கிறது.

3. பிறகு பாத்திரம். செம்பால் செய்ததையே செம்பு என்றார்கள். ஒன்றின் பெயர் அதனோடு தொடர்புள்ள இன்னொன்றுக்கு ஆகி வருவதை இலக்கணம் ஆகுபெயர் என்கிறது. பள்ளியில் ‘பாலை இறக்கு’ என்று ஓர் எடுத்துக்காட்டு படித்திருப்போம். அங்கே இறக்குவது பால் இருக்கிற பாத்திரத்தை, ஆனால் பெயர் பாலின் பெயர். உள்ளே இருப்பது பாத்திரத்துக்குப் பெயர் தரலாம், பாத்திரம் எதனால் ஆனதோ அதுவும் தரலாம்.

4. கடைசியாக, உலோகம் கழன்றுபோனது. பித்தளையில் செய்தாலும் சொம்பு, வெள்ளியில் செய்தாலும் சொம்பு, எவர்சில்வரிலும் சொம்பு. பெயர் உலோகத்தை மறந்து வடிவத்தைப் பிடித்துக்கொண்டது.

நான்காவது படி நமக்குப் புதிதல்ல. ‘கிளாஸ்’ என்றால் ஆங்கிலத்தில் கண்ணாடி. நாமோ எவர்சில்வர் கிளாஸ், பேப்பர் கிளாஸ் என்று கூசாமல் சொல்கிறோம். ‘டின்’ என்றால் வெள்ளீயம். டீக்கடையில் பிஸ்கட் வைத்திருப்பது பிளாஸ்டிக் டின். செம்பு போன வழியும் இதுதான்.

செம்பு எப்போது செப்பு ஆகிறது?

செய்திகளில் வந்த ‘செப்புத் தகடு’க்கு விடை இங்கே இருக்கிறது. மெல்லின எழுத்தை அடுத்துக் குற்றியலுகரம், அதாவது குறுகி ஒலிக்கிற ‘உ’, வந்து முடியும் சொற்கள் சில, வேறொரு சொல்லோடு சேரும்போது அந்த மெல்லினம் வல்லினமாகிவிடும். இரும்பு, பாதையோடு சேர்ந்தால் இருப்புப்பாதை. மருந்து, பையோடு சேர்ந்தால் மருத்துப்பை. அதே கணக்கில் செம்பும் ஏடும் சேர்ந்தால் செப்பேடு, செம்பும் தகடும் சேர்ந்தால் செப்புத் தகடு. ‘செம்புத் தகடு’ என்று எழுதினாலும் பொருள் மாறாது. இலக்கணம் படித்த பத்திரிகைக்காரர் செப்பு என்பார், மலையாளச் செய்தியை அப்படியே எடுத்தவர் செம்பு என்பார், அவ்வளவுதான்.

செப்பேடு என்பது எல்லைக்கு இருபுறமும் பொதுவான சொல். 849-ஆம் ஆண்டு கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேட்டை மலையாளிகளும் செப்பேடு என்றே சொல்கிறார்கள்.

ஆனால் செப்பு தனியாகவும் நின்று வேலை செய்கிறது. மூடி போட்ட சின்னப் பாத்திரம், அதாவது சிமிழ், அதற்குப் பெயர் செப்பு. திருக்குறள் 887 ‘செப்பின் புணர்ச்சிபோல்’ என்று தொடங்குகிறது. செப்பும் மூடியும் ஒட்டியிருப்பதுபோல் வெளியே தெரிந்தாலும், உட்பகை உள்ள குடும்பம் சேராது என்பது கருத்து. மலையாளத்தில் இன்றும் செப்பு என்றால் சிறு பெட்டி. செப்புக்குள் பந்தை மறைத்துக் காட்டுகிற தெரு வித்தைதான் செப்படி வித்தை. தமிழிலும் அதே பெயர், மலையாளத்தில் ‘செப்படிவித்ய’.

நம் பெண்குழந்தைகள் வைத்து விளையாடுகிற, மண்ணிலும் மரத்திலும் செய்த சொப்புச் சாமானும் இந்தச் செப்புதான். அதில் செம்பு ஒரு துளியும் கிடையாது. செப்பு என்பது ஆந்திர எல்லைக்குப் போனால் கொஞ்சம் ஜாக்கிரதையாகச் சொல்ல வேண்டிய சொல். தெலுங்கில் ‘செப்பு’ என்றால் சொல் என்று ஏவுவது, இன்னொரு பொருள் காலில் போடுகிற செருப்பு.

சொம்பு: பேச்சு செய்த பிரிவினை

செப்பு சொப்பு ஆனதுபோல் செம்பு சொம்பு ஆனது. ம், ப் இரண்டும் உதடு சேர்ந்து பிறக்கும் ஒலிகள். உதட்டைக் குவிக்கத் தயாராகும்போதே ‘எ’ என்ற உயிர் ‘ஒ’ பக்கம் சாய்ந்துவிடுகிறது. பெட்டி பொட்டியாவதும், பெண் பொண்ணாவதும், பிள்ளை புள்ளையாவதும் இதே குடும்பத்து மாற்றங்கள்.

இதைக் கொச்சை என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. பேச்சுத் தமிழ் இந்த மாற்றத்தை வைத்து ஒரு நல்ல வேலை செய்திருக்கிறது. உலோகத்துக்குச் செம்பு, பாத்திரத்துக்குச் சொம்பு என்று பிரித்துக்கொண்டது. ‘செம்புச் சொம்பு’ என்றால் தமிழனுக்குக் குழப்பமே இல்லை. எழுத்துத் தமிழில் ‘செம்புச் செம்பு’ என்று எழுதிப் பாருங்கள், வாசிக்கிறவர் அச்சுப்பிழை என்று நினைப்பார். ‘சொம்பு’ என்று எழுதினால் திருத்துகிற பிழைதிருத்துநர்கள், இந்த இடத்தில் மொழியின் வசதியைத்தான் வெட்டுகிறார்கள்.

கன்னடத்திலும் செம்பு, சொம்பு இரண்டு வடிவமும் உண்டு. அங்கே உலோகத்துக்குத் தாம்ரம் என்ற வடசொல் நிலைத்துவிட்டதால் சொம்புக்குப் பாத்திர வேலை மட்டும்தான்.

ஆந்திரச் சித்தூர்: ராகியா, கேழ்வரகா?

தெலுங்கில் செம்பு என்ற சொல்லுக்கு உலோகப் பொருள் இல்லை. பாத்திரம் மட்டும்தான். உலோகத்தின் பெயர் ‘ராகி’. திருப்பதிக் கடைகளில் கிடைக்கிற செம்புச் சொம்பை அவர்கள் ‘ராகி செம்பு’ என்பார்கள்.

இங்கே எல்லைத் தமிழர்களுக்கு ஒரு தடங்கல். ராகி என்றால் நமக்குக் கேழ்வரகு. தெலுங்கிலும் கேழ்வரகுக்கு ராகுலு என்றுதான் பெயர். ராயலசீமையின் அன்றாடச் சாப்பாடே ராகி சங்கட்டி. ஆகவே ‘ராகி சங்கட்டி’ என்றால் கேழ்வரகுக் களி, ‘ராகி செம்பு’ என்றால் செம்பு உலோகத்தாலான சொம்பு. பின்னால் வருவது தின்கிற பொருளா, பாத்திரமா என்று பார்த்தால் போதும்.

சித்தூர், நகரி, புத்தூர், குப்பம் பக்கத்தில் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. தமிழில் சொம்பு எந்த அளவோ, தெலுங்கில் செம்பும் அதே அளவு. கலசம் வைப்பதற்கும், தண்ணீர் மொண்டு கொடுப்பதற்கும், பழைய நாளில் விடியற்காலையில் ஏரிக்கரைப் பக்கம் எடுத்துப் போவதற்கும் அதுதான். அளவு மாறுகிற இடம் மேற்கு எல்லை.

பாலக்காட்டுச் சித்தூர்: செம்பு ஏன் பெரிதானது?

பொள்ளாச்சியிலிருந்து கோபாலபுரம் சோதனைச் சாவடியைத் தாண்டினால் சித்தூர் தாலுகா. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி, வடகரப்பதி எல்லாம் தமிழ் நன்றாகப் புழங்குகிற ஊராட்சிகள். 1956 நவம்பர் 1-ஆம் தேதி கேரளம் உருவானபோது புதிதாகச் சேர்ந்த பகுதி என்று பலர் நினைக்கிறார்கள். சித்தூர் அதற்கு முன்பே கொச்சி அரசின் பகுதி. ஆகவே இங்கே தமிழும் மலையாளமும் ஒரே முற்றத்தில் வெகுகாலம் புழங்கியவை.

இந்தப் பக்கத்தில் கல்யாணத்துக்குப் பாத்திரம் வாடகைக்கு விடுகிற கடையில் பொள்ளாச்சிக்காரர் ஒருவர் போய் நின்றால் பேச்சு ஏறக்குறைய இப்படித்தான் போகும்:

“ஏனுங்ணா, அஞ்சு செம்பு வேணுமுங்க.”

“அஞ்சா? பெரிய கல்யாணமுங்களா? எத்தனை கிலோ செம்புங்க?”

“கிலோவா? எடை எதுக்குங்க? கலசம் வைக்கிறதுக்குத்தானுங்க.”

“அட, சொம்புன்னு சொல்லுங்க!”

கடைக்காரர் ‘எத்தனை கிலோ’ என்று கேட்டது பாத்திரத்தின் எடையை அல்ல. கேரளத்தில் பிரியாணிச் செம்பைக் கிலோ கணக்கில்தான் சொல்வார்கள். பத்து கிலோ செம்பு என்றால் பத்து கிலோ அரிசி போட்டுப் பிரியாணி செய்யக்கூடிய பாத்திரம். தமிழ்நாட்டுப் பாத்திரக் கடையில் செம்பு, பித்தளைச் சாமானை எடை போட்டு விற்பது வழக்கம். ஆக, ‘பத்து கிலோ செம்பு’ என்ற மூன்று சொல்லுக்கு எல்லையில் மூன்று பொருள்: பத்து கிலோ உலோகம், பத்து கிலோ எடையுள்ள பாத்திரம், பத்து கிலோ அரிசி வேகிற பாத்திரம். போனில் ஆர்டர் கொடுக்கிற கேட்டரிங்காரர்கள் முதல் தடவை அடிபட்டுத்தான் இதைத் தெரிந்துகொள்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இந்தப் பாத்திரத்தைத் தேக்சா என்போம், வடிவம் கொஞ்சம் மாறினால் அண்டா. முன்பு கொப்பரை என்றும் சொன்னார்கள். பொள்ளாச்சியில் இன்று கொப்பரை என்றால் யாருக்கும் அண்டா நினைவு வராது, காய்ந்த தேங்காய்தான் வரும்.

கேரளத்தில் மட்டும் செம்பு ஏன் இப்படிப் பெருத்தது? எனக்குப் படுகிற காரணம் வீட்டுக்குள் இருக்கிற மற்றப் பாத்திரங்கள். கேரளத்து வீடுகளில் கையடக்கப் பாத்திரங்கள் பெரும்பாலும் வெண்கலத்தில் வார்த்தவை. கிண்டி, உருளி, விளக்கு எல்லாம் ஓடு என்று அவர்கள் சொல்லும் வெண்கலம். ஆலப்புழை மாவட்டத்து மான்னார் இந்த வேலைக்குப் பேர்போன ஊர். வார்ப்பில் பெரிய பாத்திரமும் செய்தார்கள், வார்ப்பு, சரக்கு என்று அவற்றுக்குப் பெயர். ஆனால் அவை மலைபோல் கனக்கும். தட்டித் தட்டி மெல்லிய தகடாக்கி, பெரிய அளவில், ஆள் தூக்கக்கூடிய எடையில் செய்ய வேண்டுமென்றால் செம்புதான் வசதி. பாலக்காடு நெல் பூமி. அறுவடை முடிந்தால் நெல்லைப் புழுக்க வீட்டுக்கு வீடு பெரிய செம்பு அடுப்பில் ஏறும். சின்னது எல்லாம் வெண்கலம், பெரியது செம்பு என்று இருந்த வீட்டில், செம்பு என்றால் பெரியது என்று பொருள் படிந்துபோவதில் ஆச்சரியமில்லை.

இப்போது அந்தப் பெரியதும் செம்பு இல்லை. வாடகைக் கடைகளில் அடுக்கியிருப்பவற்றில் பெரும்பாலும் அலுமினியம். பெயர் மட்டும் ‘அலுமினியம் செம்பு’.

இங்கேயே இன்னொரு சின்னப் பொறி. சந்தையில் நெடிலாக ‘சேம்பு’ என்று கேட்டால் அது சேப்பங்கிழங்கு. சேம்பு, சேப்பங்கிழங்காவதும் செம்பு, செப்பாவதும் ஒரே இலக்கண விதி. ஒரு மாத்திரை நீண்டால் பாத்திரம் கிழங்காகிவிடுகிறது.

அப்படியானால் சொம்புக்கு மலையாளத்தில் என்ன பெயர்?

மொந்த. இதைக் கேட்டதும் தமிழர்கள் சிரிப்பார்கள். மொந்தை என்றால் நமக்குக் கள்தான். ‘புதிய மொந்தையில் பழைய கள்’ என்பது நம் பழமொழி. மலையாளி வீட்டில் பாட்டி “மொந்தயில வெள்ளம் கொண்டு வா” என்றால் குடிக்கத் தண்ணீர் கேட்கிறார். வெள்ளம் என்பதும் நமக்கு ஊரை அடித்துப் போவது, அவர்களுக்குக் குடிக்கிறது. கேரளத்தின் பல மாவட்டங்களுக்குக் கள் அனுப்புகிற தென்னந்தோப்புகள் இருப்பது இந்தச் சித்தூர் தாலுகாவில்தான் என்பதால், இங்கே மொந்தை என்ற சொல்லுக்கு இரண்டு பக்கப் பொருளும் ஒரே தெருவில் கிடைக்கும்.

கிண்டியைச் சொம்பு என்று மொழிபெயர்ப்பவர்களும் உண்டு. அது தவறு. கிண்டிக்குப் பக்கத்தில் மூக்கு உண்டு, தண்ணீர் நூலாக விழும். சொம்புக்கு மூக்கு கிடையாது, விளிம்பிலிருந்துதான் ஊற்ற வேண்டும்.

அந்த வடிவத்தைச் சும்மா நினைக்க வேண்டாம். வயிறு பருத்து, கழுத்து ஒடுங்கி, விளிம்பு வெளியே வளைந்த பாத்திரம். கைப்பிடி கிடையாது. கழுத்தைச் சுற்றி விரல்கள் அடங்கும், ஈரக்கையிலும் வழுக்காது, கயிறு கட்டிக் கிணற்றில் விடலாம், இடுப்பில் வைக்கலாம், உள்ளே கைவிட்டுத் தேய்க்கலாம், நடந்தால் சிந்தாது. இந்திய அரசு அழைத்து வந்த அமெரிக்க வடிவமைப்பாளர்கள் சார்லஸ், ரே ஈம்ஸ் தம்பதி 1958-ல் கொடுத்த அறிக்கையில், இந்தியாவில் தாங்கள் கண்ட பொருள்களிலேயே மிக அழகானதாகச் சுட்டியது இந்த வடிவத்தைத்தான். வடநாட்டில் அதற்குப் பெயர் லோட்டா. அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1961-ல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் வந்தது.

ஈயச் செம்பு: பெயரே ஒரு முரண்

ரசம் வைக்கிற ஈயச் செம்பைப் பாலக்காட்டு அக்ரகாரங்களிலும் கும்பகோணத்திலும் எல்லோருக்கும் தெரியும். சொல்லுக்குச் சொல் பார்த்தால் ‘ஈயத்தாலான செம்பு’, அதாவது ஓர் உலோகத்தாலான இன்னோர் உலோகம். செம்பு என்ற பெயர் வடிவத்துக்குப் போய்விட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

இதில் ஈயம் என்பது வெள்ளீயம். காரீயம் நஞ்சு, அது வேறு. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். செம்பு உருக 1,085 டிகிரி வேண்டும். ஈயச் செம்பை வெறுமனே அடுப்பில் வைத்துவிட்டு உப்பு டப்பாவைத் தேடப் போனால், திரும்பி வருவதற்குள் அடி ஓட்டையாகி, உருகின வெள்ளீயம் பர்னர் மேல் மணிமணியாக உருண்டு கிடக்கும். உள்ளே புளித்தண்ணீர் இருக்கிறவரை பயமில்லை, தண்ணீர் 100 டிகிரியைத் தாண்ட விடாது. அதனால்தான் ‘முதலில் தண்ணியை ஊத்து, அப்புறம் அடுப்பைப் பத்த வை’ என்று பாட்டிமார் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். வாங்கும்போது பார்க்க வேண்டியது, வெள்ளீயத்தோடு காரீயம் கலந்திருக்கிறதா என்பது. மலிவாகக் கிடைத்தால் சந்தேகப்படலாம்.

இதே 232 டிகிரிதான் ஈயம் பூசுகிற தொழிலுக்கும் அடிப்படை. ஈயம் பூசுகிறவர் செம்புப் பாத்திரத்தை மணல் போட்டுத் தேய்த்து, கரி அடுப்பில் சூடேற்றி, நவச்சாரப் பொடியைத் தூவுவார். குப்பென்று வெண்புகை எழும். ஈயக் கட்டியால் ஒரு கோடு இழுத்தால் அது உடனே உருகி ஓடும். பஞ்சை இடுக்கியில் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினால், சிவந்த பாத்திரத்தின் உட்புறம் கண்ணெதிரே வெள்ளியாக மாறும். பாத்திரம் உருகாது, பூச்சு மட்டும் உருகும். அந்த வித்தியாசத்தில்தான் தொழிலே நிற்கிறது.

ஏன் பூச வேண்டும்? செம்பு புளிப்போடு சேர்ந்தால் உணவில் கரையும். புளி, மோர், தக்காளி எல்லாம் கூடாது. ஈரத்தில் விட்டால் பச்சைப் படலம் கட்டும். அதற்குத் தமிழில் களிம்பு என்று பெயர், மலையாளத்தில் க்லாவு. மருந்துக் கடையில் வாங்குகிற களிம்போடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

செம்புக் குடத்தில் இரவு முழுக்க வைத்த தண்ணீர் நல்லதா என்று கேட்பார்கள். சில கிருமிகளைச் செம்பு அழிக்கும் என்பது உண்மை. குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கு மேல் செம்பு கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரம்பு. வெறும் தண்ணீர் வைக்கலாம், எலுமிச்சைச் சாற்றை ஊற்றி வைக்க வேண்டாம்.

செம்பு தெளிந்தது, சொம்பு தூக்கியது

பாத்திரச் சொற்கள் வசவிலும் கேலியிலும் புகுந்தால் மொழிபெயர்ப்பு ரொம்பக் கடினமாகிவிடும். மூன்று மொழியில் மூன்று விதம்.

1. மலையாளத்தில் ‘செம்பு தெளிஞ்ஞு’ என்றால் ஒருவருடைய உண்மை முகம் வெளிப்பட்டுவிட்டது என்று பொருள். முலாம் பூசிய நகையில் தங்கம் தேய்ந்து கீழே இருக்கிற செம்பு தெரிவதுதான் படம். நாம் ‘சாயம் வெளுத்துப்போச்சு’ என்போம். நம்முடையது சாயப்பட்டறையிலிருந்து வந்தது, அவர்களுடையது தட்டாசாரியின் பட்டறையிலிருந்து. சபரிமலை விவகாரத்தில் இந்த வழக்கு அப்படியே நேர்ப்பொருளில் வந்து உட்கார்ந்தது. துவாரபாலகர் சிலைகளின் தங்கம் போர்த்திய தகடுகளை 2019-ல் வெளியே எடுத்துக் கொடுத்தபோது ஆவணத்தில் ‘செம்புத் தகடு’ என்று எழுதியது ஏன் என்பதுதான் எழுந்த முக்கியக் கேள்வி. கேரள உயர் நீதிமன்றம் சிறப்புப் புலனாய்வுக் குழு அமைத்தது. ஆகவே அந்தச் செய்திகளில் ‘செம்பு’ என்று வந்த இடமெல்லாம் உலோகம். பாத்திரம் அல்ல.

2. கன்னடத்தில் ‘சொம்பு’ கொடுத்தான் என்றால் ஏமாற்றினான், கையில் ஒன்றும் தரவில்லை என்று பொருள். நம் ஊர் ‘அல்வா கொடுத்தான்’, ‘பட்டை நாமம் போட்டான்’ வரிசையில் வைக்கலாம். 2024 ஏப்ரலில் மக்களவைத் தேர்தலுக்காகக் கர்நாடகக் காங்கிரஸ் நாளிதழ்களில் சொம்புப் படம் போட்டு விளம்பரம் செய்தது இந்தப் பொருளில்தான். ஒன்றிய அரசு மாநிலத்துக்குக் கொடுத்தது வெறும் சொம்பு என்பது அவர்களின் குற்றச்சாட்டு.

3. தமிழில் ‘சொம்பு தூக்கி’ என்றால் அடிவருடி, ஒருவரைக் கண்ணை மூடிக்கொண்டு ஆதரிக்கிறவர். பெரிய மனிதர் முன்னால் நடக்க, பின்னால் சொம்பை ஏந்திக்கொண்டு போகிறவரின் படம் அது. ஆலமரத்தடிப் பஞ்சாயத்து என்றாலே பக்கத்தில் ஒரு சொம்பு இருந்தாக வேண்டும் என்று நகைச்சுவைக் காட்சிகள் பழக்கிவிட்டதும் இதற்குத் துணை.

கர்நாடகத்துச் சொம்பு விளம்பரத்தைப் பார்த்த தமிழர் சிலர், யாரோ யாருக்கோ அடிவருடுவதாகச் சொல்கிறார்கள் என்று புரிந்துகொண்டார்கள். பாத்திரம் ஒன்று, வசவு வேறு.

நடைமுறையில் எங்கே இடிக்கும்?

அதிகமாக இடிப்பது சமையல் குறிப்பில். மலையாளத்துப் பிரியாணிக் குறிப்பில் ‘செம்பில் நெய் ஊற்றுக’ என்று இருக்கும். அதைத் தமிழுக்குக் கொண்டுவருகிறவர் ‘செம்புப் பாத்திரத்தில் நெய் ஊற்றவும்’ என்று எழுதிவிடுகிறார். மூலத்தில் எழுதினவர் அலுமினியப் பாத்திரத்தை வைத்துக்கொண்டுதான் செம்பு என்றிருப்பார். மொழிபெயர்ப்பை நம்பி, பரணில் கிடந்த பழைய செம்பு அண்டாவை இறக்கி, ஈயம் போய்விட்டதா என்று பார்க்காமல் அதில் தயிரும் தக்காளியும் போட்டு மணிக்கணக்கில் தம் போட்டால், அடியில் கரைவது மசாலா மட்டுமல்ல. குமட்டலும் வயிற்று வலியும் வரலாம். அங்கே எழுத வேண்டிய சொல் ‘தேக்சா’. அது கையில் இல்லாதவர்களுக்கு ‘அடி கனமான பெரிய பாத்திரம்’.

வாங்கும்போதும் வாடகைக்கு எடுக்கும்போதும் உலோகத்தையும் அளவையும் பிரித்துச் சொன்னால் போதும். ஆந்திரப் பக்கம் உலோகத்துக்கு ராகி, பாத்திரத்துக்குச் செம்பு. கேரளப் பக்கம் சின்னதுக்கு மொந்த, பெரியதுக்குச் செம்பு, கூடவே எத்தனை கிலோ அரிசிக்கு என்பது. கொழிஞ்சாம்பாறைப் பக்கத்து வாடகைக் கடையில் தமிழில் ரசீது போடுகிறவர் ‘அலுமினியம் செம்பு 10 கிலோ - 2, எவர்சில்வர் சொம்பு - 5’ என்று இரண்டு வரியாக எழுதிவிடுவார். கீழே முன்பணம், அதற்குக் கீழே திருப்பித் தர வேண்டிய தேதி. மூடியைத் தனியாக எண்ணி வாங்கிக்கொள்ளுங்கள், ரசீதில் அதற்கு அவர் தனி வரி எழுதுவதில்லை.